இன்பராஜ் மறைத்த வரி

இன்பராஜைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அவருடைய தூக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். இருபத்து நாலு வருஷம் கோலார் தங்கவயலின் ஊரிகம் ஸ்டேஷனில் காலை ரயில் ஏறியவர். ஏறுவார், ஜன்னல் கம்பியில் நெற்றியைச் சாய்ப்பார், வண்டி பங்காருபேட்டையைத் தொடும் முன் குறட்டை வந்துவிடும். எதிர் சீட்டு எனக்கு. மனுஷன் விழித்திருந்து நான் பார்த்த நேரத்தையெல்லாம் கூட்டினால் ஒரு மாதம் தேறாது. பிறகு அவரைப் பற்றி உனக்கென்ன தெரியும் என்று கேட்கலாம். பாதி அந்தத் தூக்கத்திலேயே தெரியும். மீதியை இந்த ஏப்ரலில் தெரிந்துகொண்டேன், தெரிந்துகொள்ளாமலே இருந்திருக்கலாம்.

நான் எலைன். பெங்களூர் கே.ஆர்.புரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் ரிப்போர்ட் கவுன்ட்டரில் உட்காருகிறேன். ஐம்பத்து நாலு வயது. கோபக்காரி என்று ஆபீசிலும் ஆலயத்திலும் பேர் வாங்கியாயிற்று, இனி மாற்றிக்கொள்ள எனக்குத் தெம்பில்லை. இன்பராஜ் அதே கட்டடத்தில் கம்ப்யூட்டர் ரூமைப் பார்த்துக்கொண்டார். என்னைவிட மூன்று வயது இளையவர். தங்கச் சுரங்கம் மூடியபோது அவருக்கு இருபத்தேழு. ராபர்ட்சன்பேட்டையில் ஆறு மாத ஹார்டுவேர் கோர்ஸ் ஒன்றைப் படித்துவிட்டு ரயில் ஏறினார், அவ்வளவுதான் படிப்பு. வருகிற டிகிரிக்காரப் பிள்ளைகள் எல்லாம் ஒரு வருஷம் அவரிடம் வேலை கற்றுக்கொண்டு அவருடைய மூன்று மடங்கு சம்பளத்துக்கு வேறு இடம் போய்விடுவார்கள். இவர் மட்டும் ஜூன் மாதத்துக்கு ஜூன் மாதம் காண்ட்ராக்ட் புதுப்பித்துக்கொண்டு அதே நாற்காலியில் இருந்தார். அந்த நாற்காலிக்கு ஒரு கை கிடையாது.

எங்கள் ரயில்காரர்களுக்குள் ‘அஞ்சே முக்கால் வேலை’ என்று ஒரு பேச்சு உண்டு. ஆறு மணிக்கு ஆபீசை விட்டு ஓடினால்தான் சாயங்கால வண்டி. அதை விட்டால் வீடு போய்ச் சேர்வதற்குள் பிள்ளைகள் தூங்கியிருக்கும். அதனால் அஞ்சே முக்காலுக்கு எது கையில் இருக்கிறதோ அதை எப்படியாவது ஓடவைத்துவிட்டு, நாளைக்கு வந்து ஒழுங்காகச் செய்யலாம் என்று கிளம்பிவிடுவோம். நாளைக்கு வேறு வேலை வந்து நிற்கும். எங்களில் அந்த மாதிரி வேலை செய்யாதவர் யாரும் இல்லை. இல்லையென்று யாராவது சொல்லட்டும் பார்க்கலாம்.

இப்போது எங்கள் அட்டெண்டன்ஸ் கதை. ஒன்பது மணிக்கு உள்ளே கட்டைவிரல் வைக்க வேண்டும். ஒன்பது ஐந்து வரை பச்சை விளக்கு, அதற்குமேல் சிவப்பு. மாதத்தில் மூன்று சிவப்பு வந்தால் ஒரு மெமோ. மூன்று மெமோ வாங்கினால் ஜூன் மாதம் வீட்டில் உட்கார வேண்டியதுதான். எங்கள் வண்டி கே.ஆர்.புரத்துக்கு வெளியே சிக்னலில் நிற்காமல் வந்த நாளே கிடையாது. இறங்கி, ஷேர் ஆட்டோவில் நசுங்கி, சந்தில் நடந்து, நான் விரல் வைக்கும்போது என் போனில் ஒன்பது பத்து, ஒன்பது பதினொன்று. கோலார் தங்கவயலிலிருந்து அங்கே வேலைக்குப் போகிறவர்கள் ஒன்பது பேர். ஒரு காலத்தில் ஒன்பது பேருக்கும் மெமோ மேல் மெமோ, ஒவ்வொரு ஜூனிலும் கெஞ்சித்தான் வேலையில் ஒட்டிக்கொண்டிருந்தோம்.

அதனால் மாலூர் தாண்டியதும் ஜெபிப்போம். நானும் ஐடாவும் ஆரம்பிப்போம், மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள், இன்பராஜ் தூக்கத்திலேயே ஆமென் சொல்லுவார். ஆண்டவரே, ஒன்பது ஐந்துக்குள் கொண்டுபோய்ச் சேரும். இதுதான் ஜெபம், சுற்றி வளைப்பெல்லாம் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு நாள் திடீரென்று பச்சை விழுந்தது. மறுநாளும் பச்சை. போனில் ஒன்பது பதினொன்று, விளக்கோ பச்சை. மாதக் கடைசியில் வந்த தாளில் என் பேருக்கு நேராக ஒன்பது இரண்டு, ஒன்பது ஒன்று, ஒன்பது இரண்டு என்று வரிசையாக இருந்தது. ஐடா அழுதேவிட்டாள். நான் ஆலயத்தில் வெள்ளிக்கிழமை ஜெபக் கூட்டத்தில் எழுந்து நின்று மைக்கைப் பிடித்து, ஆண்டவர் எங்களுக்காகத் தினமும் பத்து நிமிஷம் கடிகாரத்தைப் பிடித்து நிறுத்துகிறார் என்று சாட்சி சொன்னேன். எல்லோரும் கை தட்டினார்கள். கிடைத்த பச்சையை யார் கேள்வி கேட்பார்கள்?

பாக்யலட்சுமி என்று ஒருத்தி ஒன்றரை வருஷமாக அங்கே இரவு டியூட்டியில் துப்புரவு வேலை பார்க்கிறாள். பங்காருபேட்டைக்குப் பக்கத்தில் வீடு. காலை ஒன்பதுக்கு அவளுக்கு டியூட்டி முடியும். நாங்கள் சந்துக்குள் வேகமாக நடந்து வரும்போது அவள் எதிரே ஓடி வருவாள், ஊருக்குத் திரும்பும் வண்டியைப் பிடிக்க. ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான் பழக்கம். அவளுக்கு நிற்க நேரமில்லை, எனக்கும் நேரமில்லை.

ஏப்ரல் முதல் வாரத்தில் மேனேஜர் ராகேஷ் என் கவுன்ட்டருக்கு வந்தார். கெட்ட மனிதர் இல்லை, கன்னடமும் தமிழுமாகக் கலந்து மரியாதையாகத்தான் பேசுவார்.

“எலைன் மேடம், அந்த பாக்யலட்சுமி தினமும் சீக்கிரம் போயிடுது. எட்டு அம்பதொண்ணு, எட்டு அம்பத்திரெண்டு. ஒன்றரை வருஷமா இதே. கேட்டா, நான் ஒம்பதுக்குத்தான் போறேன், கே.ஜி.எஃப்.காரங்க எதிர்ல வர்றப்போ நான் சந்துல இருப்பேன், அவங்களைக் கேளுங்கன்னு சொல்லுது. நீங்க அவளை எத்தனை மணிக்குப் பாக்கறீங்க?”

என் போன் தினமும் சொல்வது எனக்குத் தெரியும். ஒன்பது ஐந்து, ஒன்பது ஆறு. அதைச் சொன்னால் நான் ஒன்பது இரண்டுக்கு உள்ளே விரல் வைத்தது எப்படி என்று அடுத்த கேள்வி வரும்.

“கவனிச்சதில்ல சார்” என்றேன்.

அவர் போய்விட்டார். நானும் ரிப்போர்ட் கவரில் பேர் எழுதுவதைத் தொடர்ந்தேன். சீக்கிரம் போகிறவள்தான் போலிருக்கிறது என்று மனசுக்குள் சொல்லிக்கூடக் கொண்டேன். அப்படிச் சொல்லிக்கொள்வது சௌகரியமாக இருந்தது.

பிறகு ராகேஷ் இன்பராஜிடம் போயிருக்கிறார். விசாரணை வைத்து அவளை அனுப்பப்போகிறோம், வாசல் கேமராப் பதிவில் அவள் வெளியே போவதை எடுத்துக் கொடுங்கள், ஆதாரம் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அன்று திங்கட்கிழமை. சாயங்கால வண்டியில் ஏறி உட்கார்ந்தால், எதிர் சீட்டில் இன்பராஜ் விழித்திருக்கிறார். ஒயிட்ஃபீல்டு போயிற்று, தேவன்கொந்தி போயிற்று, ஆள் தூங்கவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

“இன்னா இன்பா, ஒடம்பு சரியில்லயா? பியூலா கிட்ட சண்டையா?”

பியூலா அவர் மனைவி. அவர் சிரிக்கவில்லை.

“அந்தப் பொண்ணு சீக்கிரம் போவலக்கா. கேமராவுல ஒம்பது தாண்டிதான் வெரல் வெக்கறா. அட்டெண்டன்ஸ் கம்ப்யூட்டர்தான் ஒம்பது நிமிஷம் பின்னாடி ஓடுது.”

“அப்ப கேமரா மணி தப்பா இருக்கும்.”

“நானும் அதான் நெனச்சேன். போன்ல பாத்தேன், பெரிய மெஷின்ல பாத்தேன். அட்டெண்டன்ஸ் ஒண்ணுதான் தப்பு. காத்தால எட்டு மணிக்கு மேல கொஞ்சம் கொஞ்சமா பின்னாடி போவுது. மத்தியானம் ஒரு மணிக்குச் சரியான நேரத்தை வாங்கித் திருத்திக்குது. அதான் சாயங்காலம் யாருக்கும் தெரியல.”

எனக்கு அப்போதே விஷயம் பிடிபட்டது. ஆனால் புரியாத மாதிரி இருந்தேன். அவர் விடவில்லை. பொறுமையாகச் சொன்னார், வாய் கொட்டாவி விட்டுக்கொண்டே.

எங்கள் ஆபீசில் வெளியே பார்த்தால் ஒரே ஒரு பெரிய கம்ப்யூட்டர்தானாம். அதற்குள் பதினோரு கம்ப்யூட்டர் குடியிருக்கிறதாம். ரிப்போர்ட்டுக்கு ஒன்று, பில்லுக்கு ஒன்று, அட்டெண்டன்சுக்கு ஒன்று. அத்தனைக்கும் இடத்தையும் நேரத்தையும் பங்கு போட்டுக் கொடுத்து மேய்ப்பதற்கு அடியில் ஒரு ஆள்.

“ஹைப்பர்வைசர்னு பேரு” என்றார்.

“மேஸ்திரின்னு சொல்லேன்.”

“சரி, மேஸ்திரி. உள்ள இருக்கற கம்ப்யூட்டர் எழுந்ததும் பிராசசரை ஒரு கேள்வி கேக்கும். எனக்கு அடியில யாராவது கீறாங்களா? பதில்ல ஒரு குறிப்பிட்ட எடத்துல ஒண்ணுன்னு இருந்தா ஆளு உண்டு, சைபர்னா இல்ல. உண்டுன்னா அடுத்த கேள்வி, யாரு? அதுக்கு இங்கிலீஷ்ல பன்னெண்டு எழுத்துல பதில் வரும். ஒவ்வொரு கம்பெனி மேஸ்திரிக்கும் ஒவ்வொரு பேரு. நம்மளுது கேவிஎம், மூணெழுத்து. தன் பேரையே மூணு தடவை சொல்லும், கேவிஎம் கேவிஎம் கேவிஎம்னு. மீதி மூணு எழுத்து காலி.”

“பேரு தெரிஞ்சா இன்னா லாபம்?”

“அந்த மேஸ்திரி கிட்ட எப்பிடி நடந்துக்கணும்னு தெரிஞ்சிக்கும். முக்கியமா மணி. தானா எண்ணாது, மேஸ்திரிய கேட்டுக்கும். ஏன்னா மேஸ்திரி நடுநடுவுல இதைத் தூங்க வெச்சிட்டு இன்னொருத்தனை எழுப்பி வேலை வாங்குவான். நீங்க மாலூர்ல கண்ண மூடி ஒயிட்ஃபீல்டுல தொறந்தா நடுவுல போன ஸ்டேஷன் உங்க கணக்குல வருமா? வராது. அடியில ஆளு கீதுன்னு தெரிஞ்ச கம்ப்யூட்டர் எழுந்ததும் மணி கேட்டுக்கும். தெரியாதது, தான் தூங்கவே இல்லன்னு நெனச்சி விட்ட எடத்துலருந்து எண்ணிகினு போவும்.”

“இதுக்கு ஏன் தெரியல?”

அவர் ஜன்னலைப் பார்த்தார்.

“நான்தான் மறைச்சேன்” என்றார்.

நாலு வருஷத்துக்கு முன் அட்டெண்டன்சுக்கு இருந்த பழைய கம்ப்யூட்டர் பெட்டி செத்துப்போனதாம். அதில் இருந்ததை அப்படியே எடுத்துப் பெரிய கம்ப்யூட்டருக்குள் குடிவைத்தார். அந்த அட்டெண்டன்ஸ் நிரல் ஒரு முரடு. எழுந்ததும் அதுவும் அதே கேள்வியைக் கேட்டு, இது நிஜக் கம்ப்யூட்டர் இல்லை, நான் ஓடமாட்டேன் என்று நின்றுவிட்டது. அதைச் செய்து விற்ற கம்பெனி எப்போதோ மூடிப்போயிருந்தது, கேட்க ஆள் இல்லை. மணி அஞ்சே முக்கால். மேஸ்திரியின் அமைப்பில் இவர் ஒரே ஒரு வரி எழுதினார். கேட்டால் நீ இல்லை என்று சொல்லிவிடு. நிரல் ஏமாந்து ஓட ஆரம்பித்தது. நாளைக்கு வேறு வழி பார்க்கலாம் என்று ரயிலுக்கு ஓடிவந்துவிட்டார். நிரலை ஏமாற்றப் போய் அந்தக் கம்ப்யூட்டரையே குருடாக்கிவிட்டோம் என்று அவருக்கு உறைக்கவில்லை. இரண்டு வருஷம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஸ்கேன் பிரிவு திறந்தார்கள். காலையில் எட்டிலிருந்து படங்கள் வந்து குவிய, பெரிய கம்ப்யூட்டரில் நெருக்கடி. அட்டெண்டன்ஸ் அடிக்கடி தூங்கவைக்கப்பட்டது.

“எப்பிடிக் கண்டுபுடிச்சே?”

“எழுந்திரிக்கறப்ப ஒவ்வொண்ணும் குறிப்பு எழுதும். மத்த பத்துலயும் ஒரு வரி கீது, அடியில கேவிஎம் கண்டோம்னு. இதுல மட்டும் அந்த வரி இல்ல. அப்புறம் அதோட மதர்போர்டை யார் செஞ்சாங்கன்னு போட்டிருக்கற எடத்தைப் பாத்தேன். கம்ப்யூட்டர் செய்யற கம்பெனி பேரே இல்ல அது. கம்ப்யூட்டர் மாதிரி நடிக்கற ஒரு நிரலோட பேரு. அதை மறைக்க மறந்துட்டேன். பாத்ததும் எல்லாம் ஞாபகம் வந்துடிச்சி.”

நான் கணக்குப் போட்டேன். ஸ்கேன் பிரிவு திறந்தது இரண்டு வருஷத்துக்கு முன். என் சாட்சியும் இரண்டு வருஷத்துக்கு முன். எங்களுக்குக் கிடைத்த ஒன்பது நிமிஷம் எங்கேயிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டது. வானத்திலிருந்து வரவில்லை. அவளிடமிருந்து பிடுங்கி எங்களுக்குக் கொடுத்திருக்கிறது.

அப்போது நான் சொன்னதை எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதுகிறேன்.

“விட்டுடு இன்பா” என்றேன். “ஜூன் வருது. ஒம்போது பேருக்கும் மெமோ வரும். ஐடா புருஷன் படுத்த படுக்கையா கெடக்கறான். அந்தப் பொண்ணு சின்ன வயசு, வேற எங்கயாச்சும் வேலை கெடைக்கும். நீ மறைச்சதுன்னு தெரிஞ்சா உன்னையும் வெச்சிக்க மாட்டான்.”

“வியாழக்கிழமை விசாரணை வெச்சிகீறாங்கக்கா.”

“அதான் சொல்றேன். மூணு நாள் வாய மூடிகினு இரு.”

செவ்வாயும் புதனும் அவர் ரயிலில் தூங்கவில்லை. நான் தூங்குகிற மாதிரி நடித்தேன். மாலூரில் ஜெபம் ஆரம்பிக்கச் சொல்லி ஐடா என் முழங்காலைத் தட்டினாள். தொண்டை கட்டிக்கொண்டது என்று சொல்லி அவளையே செய்யச் சொன்னேன்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு என்னையும் கூப்பிட்டார்கள். ராகேஷ், எச்.ஆர். பார்க்கும் நளினி, கேமராப் பதிவோடு இன்பராஜ். பாக்யலட்சுமி நின்றுகொண்டிருந்தாள். ராத்திரி முழுதும் தரை துடைத்துவிட்டு, வீட்டுக்கும் போகாமல் இரண்டு மணி நேரமாகக் காத்திருந்தவள். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

“இதோ எலைன் மேடம் கீறாங்க, கேளுங்க சார்” என்றாள். “தெனம் டீக்கடைகிட்ட எதிர்ல வருவாங்க. அக்கா, சொல்லுங்கக்கா. எத்தினி மணிக்கு என்னைப் பாப்பீங்க?”

நளினி பேனாவைத் திறந்தாள். எல்லாம் தெரிந்த பிறகு, பாக்யலட்சுமியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, நான் மறுபடி சொன்னேன்.

“கவனிச்சதில்ல.”

அவள் என்னைத் திட்டவில்லை. ஏதோ பாத்திரம் கை தவறி விழுந்ததைப் பார்ப்பது போலப் பார்த்தாள். நளினி எழுதிக்கொண்டாள். ராகேஷ் வேலைநீக்கத் தாளைப் பாக்யலட்சுமி பக்கம் தள்ளி, கையெழுத்துப் போடச் சொன்னார்.

“போடாதம்மா” என்றார் இன்பராஜ்.

குரல் உயரவில்லை. தூங்கி எழுந்தவர் தண்ணீர் கேட்கிற குரல். கேமராப் பதிவை ஓடவிட்டார். அதில் ஒன்பது மணி இருபது செகண்டுக்கு அவள் விரல் வைக்கிறாள். பக்கத்தில் அட்டெண்டன்ஸ் தாள், எட்டு ஐம்பத்தொன்று. பிறகு நான் ரயிலில் கேட்டதையெல்லாம் அவர்களுக்கும் சொன்னார், அந்தப் பன்னிரண்டு எழுத்து உட்பட. ராகேஷ் இரண்டு தடவை நிறுத்தி மறுபடி சொல்லச் சொன்னார்.

“அந்த வரியை யார் எழுதினது?”

“நான் சார்.”

“டாக்குமெண்ட் பண்ணீங்களா?”

“இல்ல சார். மறுநாள் சரி பண்ணலாம்னு இருந்தேன்.”

“அப்போ கே.ஜி.எஃப். ஸ்டாஃப் எல்லாம் ரெண்டு வருஷமா லேட்டா?”

இன்பராஜ் என் பக்கம் திரும்பவில்லை.

“ரயில் லேட் சார். அவங்க யாரும் மெஷினைத் தொடல. என் பேர எழுதிக்கோங்க” என்றார்.

பாக்யலட்சுமியின் வேலை தங்கியது. அவளுக்குக் கொடுத்திருந்த பழைய மெமோக்களை எடுத்துவிட்டார்கள். மறுநாள் மத்தியானம் இன்பராஜ் அந்த வரியை எடுத்தார். அடம்பிடித்த நிரலைத் தூக்கிப்போட்டுப் புதிது வாங்கினார்கள். அட்டெண்டன்ஸ் கம்ப்யூட்டர் எழுந்து, கேள்வி கேட்டு, அடியில் கேவிஎம் கண்டோம் என்று தன் குறிப்பில் எழுதிக்கொண்டதாம். இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் அதற்கு விவரம் தெரிந்தது என்று சாயங்கால வண்டியில் என்னிடம் சொல்லிவிட்டு, கம்பியில் நெற்றியைச் சாய்த்துத் தூங்கிப்போனார். பங்காருபேட்டை வரைக்கும் குறட்டை. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

ஜூனில் அவருடைய காண்ட்ராக்டைப் புதுப்பிக்கவில்லை. காரணம் என்று எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. நளினி மட்டும் வாசல்வரை வந்து கை குலுக்கினாளாம். இப்போது ராபர்ட்சன்பேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் பிரிண்டரும் கேமராவும் ரிப்பேர் பார்க்கிறார். வீட்டுக்கும் கடைக்கும் நடக்கும் தூரம்தான். ஆனாலும் நாலரைக்கு எழுந்து உட்கார்ந்துகொள்கிறார், படுத்தால் தூக்கம் பிடிக்கவில்லை என்கிறார் என்று பியூலா ஆலய வாசலில் என்னிடம் அலுத்துக்கொண்டாள். அவளுக்கு நான் சொன்னது எதுவும் தெரியாது. விட்டுடு என்று நான் சொன்னதை இன்பராஜ் வீட்டில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. நாங்கள் எட்டுப் பேர் இப்போது முந்தின வண்டியில் போகிறோம், மூன்று மணிக்கு எழுந்து. மாலூரில் ஜெபம் இல்லை. எல்லோரும் தூங்குகிறோம்.

அந்த வரியை எடுத்த பிறகு வந்த முதல் திங்கட்கிழமையைச் சொல்லாமல் முடித்தால் நான் மறுபடியும் கவனிக்காதவள் ஆகிவிடுவேன். அன்று பழைய வண்டிதான். டீக்கடையருகே பாக்யலட்சுமி எதிரே வந்தாள். தலையைக் குனிந்துகொண்டு போய்விடலாம் என்று பார்த்தேன். அவளுக்கு வண்டிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது, ஆனாலும் நின்றாள். ஒன்றரை வருஷத்தில் அவள் நின்றது அன்றுதான்.

“மணி இன்னாக்கா?” என்று கேட்டாள்.

நான் போனை எடுத்துப் பார்த்தேன்.

“ஒம்பது ஆறு” என்றேன்.

சரி என்று தலையாட்டிவிட்டு ஸ்டேஷன் பக்கம் ஓடினாள். அவள் கையிலும் ஒரு போன் இருந்தது.